சிப்பில் இடமில்லை

சிப்பில் ஏற்ற முடியாது என்று திரை மறுபடியும் சொன்னது.

டெபோரா நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதைச் சிப்புக்கான கோப்பாக மாற்றித் தரும் கம்பைலரை மட்டும் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தாள். டிப்பர் லாரிகளில் பொருத்தும் பெட்டி அதே பெட்டி, உள்ளே அதே சிப். கோப்பு மட்டும் பெருத்துவிட்டது.

சென்னியப்பன் அவள் பின்னால் நின்றார். சங்ககிரியில் இந்தப் பட்டறை அவருடையது. வெளியே நிற்கும் டிப்பர்களும் அவருடையவை. எந்தப் பெட்டியையும் முதலில் தன் வண்டியில் பொருத்திப் பார்த்த பிறகே விற்பார்.

“மாத்தவே இல்லீங்கற. அப்பறம் எப்படி சாமி பெருத்துச்சு?”

“புதுசு வேகத்துக்குன்னு எழுதுதுங்கய்யா. முன்ன ஒரே எடத்துல இருந்ததை, வேணுங்கற எடத்துலயெல்லாம் பிரதி எடுத்து வெச்சுக்குது. தப்பு நடந்தாப் புடிக்கறதுக்குக் காவலும் போடுது. சின்னதா எழுதுன்னு சொல்லியும் பாத்துட்டனுங்க.”

“புது மருமக சமையலாட்ட. அதே ரசந்தான், பாத்திரம் மட்டும் நாலு.”

அவள் சிரிக்கவில்லை.

“பழசுலயே பண்ணிரலாங்களா?”

முடியாது. வாங்கும் கம்பெனி புதிய பதிப்பைத்தான் கேட்கிறது என்றார். பழையதில் பாதுகாப்பு போதாதாம்.

எதையாவது எடுத்தாக வேண்டும். டெபோரா நிரலின் பகுதிகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். டீசல் திருட்டைக் கண்டுபிடிப்பது. வண்டி நிற்கும் இடத்தைச் சொல்வது. இரண்டையும் அவர் விடவில்லை.

கடைசிப் பகுதியில் அவர் விரல் நின்றது. தூக்கிய தொட்டியை இறக்காமல் வண்டியை நகர்த்தினால் அலறுவது அது. அது வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. டெபோராவே சேர்த்திருந்தாள்.

“அது மட்டும் இருக்கட்டுங்கய்யா. மேல கரண்டு கம்பி போற எடத்துல...”

“தொட்டி மேல நிக்கறது டிரைவருக்குத் தெரியாதா? அதை எடுத்துரு சாமி.”

அந்தப் பகுதிக்கு அவள் வைத்த பெயர் ஜெபஸ்டின். நிரலில் வைக்கும் பெயர்கள் சிப்புக்குள் போவதில்லை. எழுதுகிறவர் கண்ணுக்கு மட்டும்தான்.

அழித்தாள்.

கோப்பு ஏறியது. மேசையிலிருந்த பெட்டியில் தொட்டி தூக்கும் சுவிட்சைப் போட்டாள். பிறகு கியர் சுவிட்சை. பச்சை விளக்கு எரிந்தது. சத்தமில்லை.

“இப்பத்தான் நிம்மதி,” என்றார்.

திரையில் இருந்தது யார் பெயர் என்று அவர் கேட்கவில்லை.

கேட்க வேண்டியதில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு அவள் தம்பியின் சவப்பெட்டியைத் தூக்கிப் போனவர்களில் முன்னால் நடந்தவர் அவர். திரும்பி வரும்போதுதான் அவளுக்கு இந்த வேலையைத் தருவதாகச் சொன்னார்.

அவன் ஓட்டிப் போய்க் கரண்டு கம்பியில் உரசிக் கருகிய டிப்பருக்கு மறு பெயிண்ட் அடித்திருந்தார். பட்டறை வாசலில், வரிசையில் முதலாவதாக நின்றது அது.

சென்னியப்பன் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அதை நோக்கி நடந்தார்.