ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்

மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியின் வாசல் கரும்பலகையில், டைம் ஆபீஸ் நெடுமாறன் எழுதி முடிப்பதற்குள் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது.

'ஜூன் 1. இந்த நாளில்... 1874: கிழக்கிந்தியக் கம்பெனி கலைக்கப்பட்டது. இன்று உலகப் பால் தினம். பிறந்தவர்கள்: மர்லின் மன்றோ, நர்கீஸ், மற்றும் நம் கம்பெனியில் ஒன்பது பேர்.'

"கம்பெனிய மூடினப்போ வெள்ளக்காரன் செட்டில்மென்ட் ஒழுங்கா குடுத்தானாண்ணே?" என்றான் பேக்கிங் செல்வகுமார்.

"பால் தினமாம்! நம்ம கேன்டீன் டீயில அதத்தான் தேடிக்கிட்டிருக்கோம்" என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒன்பது பேர் ஒரே நாளில் பிறந்தது அதிசயமே இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் வாத்தியார் வைத்த பிறந்தநாள் அது.

அஞ்சலாட்சி மட்டும் சிரிக்கவில்லை. கீழே ஒன்பது பேரையும் வயதோடு எழுதியிருந்த பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. 'அஞ்சலாட்சி, 58.' ஐம்பத்தெட்டு என்றால் ஒரு சால்வை, ஒரு துண்டு கேக், அத்தோடு வீடு.

நெடுமாறனுக்கு மனசு கேட்கவில்லை. அவளை மேனேஜர் கிருஷ்ணசாமியின் அறைக்கு அழைத்துப் போனான்.

"ஐயா, நெசமா எனக்கு அம்பத்தாறுதாங்க. பசி தாங்க மாட்டேன்னு மூணு வயசுலயே எங்கம்மா என்னைப் பள்ளிக்கூடத்துல விட்டுச்சு. அங்க மத்தியானம் சோறு போடுவாங்க. அஞ்சு வயசு முடிஞ்சிடுச்சின்னு பொய் சொல்லிச்சு. வாத்தியாரும் எழுதிட்டாருங்க."

"ரெக்கார்டு என்ன சொல்லுதோ அதாம்மா வயசு."

"பொண்ணு பூர்ணிமா நர்சிங் படிக்குது. இன்னும் ரெண்டே வருசங்க. அதுவரைக்கும் விட்டீங்கன்னா..."

"உனக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?" மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் கனிந்தது. "பலகையில என் பேரும் இருக்கு பாரு, அம்பத்தாறு. ரெண்டு வருசத்துல நானும் இதே வாசல் வழியாத்தான் போவணும். சட்டம்னா சட்டம்தாம்மா."

அஞ்சலாட்சி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். அன்றைக்குச் சோறு வாங்கிக் கொடுத்த அந்த ரெண்டு வருஷம் இன்றைக்கு வட்டியோடு திரும்பி வந்து சோற்றைப் பிடுங்கிக்கொண்டு போனது. நெடுமாறனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் மேனேஜர் நியாயஸ்தர், தனக்கென்று சலுகை எதுவும் வைத்துக்கொள்ளாதவர் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

சாயங்காலம் சால்வையைப் போர்த்தினார்கள். கை தட்டினார்கள். கேக்கை மகளுக்காகத் தாளில் மடித்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு கவர்.

"ஐயா குடுத்தாரு தம்பி. பொண்ணையும் கூட்டிக்கிட்டு அவசியம் வரணும்னாரு. எனக்கு எழுத்து சரியாத் தெரியல, என்னன்னு படி."

மஞ்சள் தடவிய பத்திரிகை. நெடுமாறன் ஒருமுறை படித்தான். பலகையில் இருந்த 'கிருஷ்ணசாமி, 56' என்பதைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னொரு முறை படித்தான்.

"யாருக்குத் தம்பி கல்யாணம்?"

அவன் பத்திரிகையை மடித்துக் கவருக்குள் வைத்தான்.

"மேனேஜர் ஐயாவுக்குத்தாங்க்கா. அடுத்த வாரம், அறுபதாம் கல்யாணம்."