ஆளே இல்லாத படம்

“ரெண்டே நிமிஷம்! எல்லாரும் பாறைக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கங்க!” என்று ஒலிபெருக்கியில் கெஞ்சிக்கொண்டிருந்தார் சுற்றுலாத் துறை அதிகாரி ரவிச்சந்திரன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறையைச் சுற்றி எள் விழ இடமில்லை. பாதிப் பேர் பாறையைக் கையால் தாங்குவதுபோல் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு வேண்டியதோ ஆளே இல்லாத பாறை. ஊர் எவ்வளவு அமைதியானது என்று வெளியூர்க்காரர்களுக்குக் காட்டும் விளம்பரப் படமாம். வெளிச்சம் போவதற்குள் எடுக்காவிட்டால் படத்தில் மாமல்லபுரத்தை விட்டுவிட்டு வேறு ஊரைப் போட்டுவிடுவார்களாம்.

“இன்னா சார், எங்கள ஒளிச்சி வெச்சிட்டு யார இஸ்துகினு வரப் போறீங்க?” என்று கேட்டார் மாங்காய்ப் பத்தை விற்கும் வேண்டாக்கா.

“உங்களத்தாம்மா” என்றார் அவர், பாவமாக.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரித்துக்கொண்டே நகரவும் தொடங்கியது.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. என் பக்கத்தில் தேஜஸ் நின்றிருந்தார்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர். தலசயனப் பெருமாள் கோயிலில் தற்செயலாகச் சந்திப்பதுபோல இரண்டு குடும்பமும் சந்தித்தாயிற்று. பிடிக்காமல் போனால் யாருக்கும் மனக்கஷ்டம் வேண்டாமே என்று இப்படி ஒரு நாடகம். அப்புறம் அப்பா, பாறையைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று எங்கள் இருவரை மட்டும் அனுப்பிவிட்டார். திரும்பிப் போனதும் நான் பதில் சொல்ல வேண்டும்.

வேண்டாம் என்று சொல்வதாகத்தான் இருந்தேன்.

கோயிலிலிருந்து இதுவரை அவர் பேசியதெல்லாம் பயோடேட்டாவிலேயே இருந்தது. கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலை. கேளம்பாக்கத்தில் சொந்த ஃபிளாட். காபி, டீ பழக்கம் கிடையாது. கோபமே வராது.

ஒரு குறையாவது சொல்வாரா என்று வழியெல்லாம் பார்த்தேன். ம்ஹும். காலையில் காபி உள்ளே இறங்கும்வரை நான் மனுஷியே இல்லை. இப்படிப்பட்ட உத்தமரோடு ஒரே வீட்டில் எப்படிக் குப்பை கொட்டுவது?

பாறைக்குப் பின்னால் போனோம். முன்னாலிருந்து பார்த்தால்தான் அது உருண்டை. பின்பக்கம், பாதியாக அறுத்த கொழுக்கட்டை மாதிரி தட்டை. விளம்பரங்களில் அந்தப் பக்கத்தைக் காட்டுவதில்லை. அதை ஒட்டி, ஷேர் ஆட்டோவில் ஏறியதுபோல நெருக்கியடித்து நின்றோம். மிச்சப் பேர் மேட்டுக்கு அந்தப் பக்கம் குனிந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

“ஸ்டார்ட்!” என்றது ஒலிபெருக்கி.

அவ்வளவு பேரும் கப்சிப். பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஒளிந்துகொண்டால் பேசக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்போதுதான் தேஜஸின் முகத்தைப் பார்த்தேன். வியர்த்துக் கொட்டியிருந்தது.

“எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே இந்தப் பாறைன்னா பயம்” என்றார் ரகசியக் குரலில். “எப்ப உருளுமோன்னு இருக்கும்.”

அணு ஆராய்ச்சி செய்கிறவர்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சொன்னேன்.

“நாம மேட்டுப் பக்கம் இருக்கோம். உருண்டா கீழதான் போகும். அங்க நிக்கற ஆபீசருக்குத்தான் ஆபத்து.”

நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கணம் யோசித்தார். முகம் இன்னும் வெளுத்தது.

“அவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லிட்டு வந்துடறேன்.”

சொன்னதோடு நிற்காமல் கிளம்பியும் விட்டார். பயந்து நடுங்குகிற மனுஷர், முன்பின் தெரியாத ஓர் அதிகாரியைக் காப்பாற்ற, அந்தப் பாறைக்கு நேர் கீழே போகக் கிளம்பிவிட்டார்.

இன்னும் ஒரு அடி வைத்தால் படத்தில் விழுந்துவிடுவார். வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. எட்டி அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

சில்லென்று இருந்தது கை. எனக்கு அந்தக் கையை ரொம்பப் பிடித்துவிட்டது.

“புட்ச்சத வுடாதமே” என்றார் பின்னால் நின்ற வேண்டாக்கா.

விடவில்லை. “ஓகே, எல்லாரும் வரலாம்!” என்று ஒலிபெருக்கி அலறிய பிறகும், கூட்டம் கைதட்டிக்கொண்டே இறங்கிப் போன பிறகும் விடவில்லை. கோயில் வாசலில் அம்மா தலை தெரிந்ததும்தான் விட்டேன். அம்மா கண்ணாலேயே கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

விளம்பரப் படம் வந்தது. நீல வானம், பாறை, ஒரு காக்காகூட இல்லை. அந்தக் காட்சியையே சுவரொட்டியாகவும் அடித்து, கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் ஒட்டியிருந்தார்கள். தேஜஸ் நேராகச் சுற்றுலா அலுவலகத்துக்குப் போய், இதில் நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லி ஒரு பிரதி கேட்டாராம். ரவிச்சந்திரன் சுவரொட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு பிரதியைச் சுருட்டிக் கொடுத்தனுப்பினாராம்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் முதல் பக்கம் அதுதான். புரட்டுகிற உறவினர்கள் எல்லோரும் அங்கே நின்றுவிடுவார்கள். ஸ்டுடியோக்காரன் சர்க்கார் விளம்பரத்தைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டான், இதில் ஒருவருமே இல்லையே என்பார்கள்.

“நன்னாப் பாருங்கோ மாமி” என்பார் தேஜஸ். “என் கையப் பிடிச்சுண்டு நிக்கறாளே, தெரியல?”