நீலப் புட்டி

“மலை ஆஸ்பத்திரியில ஒரே ஒரு கட்டில்தான் காலியா இருக்கு, எத்தெல்கா. அதுக்குப் பதினோரு பேரு அடிச்சுக்கிறாங்க. டாக்டர் வாயில என்ன வருதுன்னு பொறுத்திருந்து பாரு.”

நர்ஸ் வில்மா இதைச் சொன்னபோது எத்தெல்கா தலையை மட்டும் ஆட்டினாள். அவள் மடியில் நான்கு மாதக் குழந்தை மார்கித், சால்வைக்குள் முகம் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

புடாபெஸ்டின் அந்தக் காசநோய் மருந்தகத்தில் வெள்ளிக்கிழமைதான் முடிவு சொல்லும் நாள். சுவரெங்கும் விதிகள். தரையில் துப்பாதே, நோயாளிக்குத் தனி அறை கொடு, தினமும் இரண்டு முட்டை சாப்பிடு. எழுதிய புண்ணியவான், ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

“உன் வீட்டுக்காரர் எங்கே?”

“வாசல்ல உக்காந்திருக்காரு சிஸ்டர். பெட்டியோட.”

“பெட்டியோடவா! அதுக்குள்ளயா?”

“மலை ஆஸ்பத்திரிக்கு என்னென்ன கொண்டு வரணும்னு நீங்கதானே சீட்டுக் குடுத்தீங்க? ரெண்டு சட்டை, செருப்பு, பல் தேய்க்கிற பிரஷ். நேத்தே எடுத்து வச்சுட்டாரு. வார்ப்படப் பட்டறையிலயும் சொல்லிட்டு வந்துட்டாரு. ‘பனி விழறதுக்குள்ள குண்டாகித் திரும்பி வரேன்டா’ன்னு எல்லார்கிட்டயும் ஒரே பீத்தல்.”

வில்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மலை ஆஸ்பத்திரி பிழைக்கக்கூடியவர்களை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். சளியில் கிருமி தெரிந்தால் இடம் இல்லை. முற்றியவர்கள் வீட்டிலேயே கிடந்து சாக வேண்டியதுதான். அங்கே போய்ச் செத்து ஆஸ்பத்திரியின் நல்ல பெயரைக் கெடுக்கலாமா?

“எங்க கட்டடத்துல ரெண்டாம் மாடி செருப்புத் தைக்கிறவரைச் சளியில கிருமி இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க,” என்றாள் எத்தெல்கா. “பிளம் பழம் பழுக்கிற மாசத்துல போய்ச் சேந்துட்டாரு. அவரைவிட இவரு அதிகமா இருமுறாரு சிஸ்டர். ராத்திரியெல்லாம் அதை எண்ணிக்கிட்டே முழிச்சுக் கிடக்கேன்.”

“இருமலை வச்சு எதையும் சொல்ல முடியாது. வீட்டுல நான் சொன்ன மாதிரிதானே நடந்துக்கிறீங்க?”

“ரெண்டு மாசமா அவரு குழந்தையைத் தொடவே இல்ல. சமையல் மூலையில தனியாப் படுக்கிறாரு. வராந்தாவுல நின்னு ஜன்னல் வழியா விசிலடிப்பாரு, இவ சிரிப்பா. அதோட சரி.”

“நல்லது. சோதனைக்கு அவரு நீலப் புட்டியில சளி துப்பிக் குடுத்தது காலையில எந்திரிச்சதும்தானே?”

“ஆமா. வெறும் வயித்துல.” எத்தெல்கா குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள்.

“நீ ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே?”

“பால் குடுக்கிற உடம்பு. அதோட சலவைக்கூடத்து ஆவி வேற. தொண்டையில எப்பவும் ஏதோ அடைச்ச மாதிரியே இருக்கு. அதை விடுங்க. அவருக்கு அந்தக் கட்டில் கிடைச்சாப் போதும்.”

“காஷ்பார் வீட்டு ஆளு யாரு?” உள்ளேயிருந்து டாக்டரின் குரல் கேட்டது.

இருவரும் உள்ளே போனார்கள். டாக்டர் தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“உன் புருஷனை அனுப்ப முடியாதும்மா.”

“டாக்டர் ஐயா?”

“சளி முழுக்கக் கிருமி. கொத்துக் கொத்தா இருக்கு. எனக்கே நம்ப முடியல. அவர் நெஞ்சுல குழாய் வச்சுக் கேட்டப்போ மேல லேசாக் கரகரப்பு, அவ்வளவுதான். சளி சுத்தமாத்தான் இருக்கும்னு நினைச்சு, அவர் பேரைக்கூட எழுதி வச்சிருந்தேன்.”

எத்தெல்காவின் முகம் வெளுத்தது.

“இன்னொரு தடவை பாருங்க ஐயா. அவரு வாசல்லதான் இருக்காரு. இப்பவே வேற புட்டியில…”

“எத்தனை புட்டியில பாத்தாலும் அதே கிருமிதான். பட்டியல் மலைக்குப் போற நேரமாச்சு.”

அவர் காஷ்பாரின் பெயரை அடித்துவிட்டு, அதற்கு மேலே ஒரு செங்கல் சூளைக்காரனின் பெயரை எழுதினார். ஆள் வந்து தாளை வாங்கிக்கொண்டு போனான். அவன் கடந்து போகும்போது காஷ்பார் பெட்டியோடு எழுந்து நின்று, தொப்பியைத் தூக்கி அவனுக்கு வணக்கம் சொன்னது ஜன்னலில் தெரிந்தது. பாவி மனுஷன், சிரிக்க வேறு செய்தான்.

வில்மா எத்தெல்காவின் தோளைத் தொட்டாள்.

“மனசை விட்டுடாதே. குழந்தையாவது தப்பிக்கணும். அவர் மூச்சு இவ மேல படவே கூடாது. எப்பவும் உங்கிட்டயே வச்சுக்கோ. ராத்திரி உன்னை ஒட்டியே படுக்க வை. நீதான் இவளுக்குக் காவல். புரியுதா?”

எத்தெல்கா மெல்லச் சால்வையை அவிழ்த்தாள். தூங்கும் குழந்தையை எடுத்து வில்மாவின் கைகளில் வைத்தாள். பிறகு சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, முதுகு சுவரில் இடிக்கும்வரை பின்னால் நகர்ந்தாள்.

“என்னம்மா ஆச்சு? மயக்கம் வருதா?”

“அவளை என்கிட்ட குடுத்துடாதீங்க சிஸ்டர்.” சால்வைக்குள்ளிருந்து குரல் உடைந்து வந்தது. “அவருதான் சீக்காளி, நான் நல்லாத்தானே இருக்கேன்னு நினைச்சு, அந்தப் புட்டியில நான்தான் துப்பிக் கொண்டு வந்தேன்!”