ஆறாம் மாதம் காது கேட்கும்

பெரியவருக்குப் பாசமே கிடையாது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

பின்னே என்ன? மருமகளுக்கு ஆறாவது மாதம். குழந்தைக்குக் காது கேட்க ஆரம்பித்திருக்கும், எல்லோரும் பேசுங்கள், குரல் பழகிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீடே வயிற்றைச் சுற்றி வட்டமடிக்கிறது. மாமனார் மட்டும் கிட்டே வருவதில்லை. தூரத்து நாற்காலியில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருப்பார்.

நாத்தனார் பள்ளிக்கூட டீச்சர். வேலை முடிந்து வந்ததும் வராததுமாக, வயிற்றிடம் இரண்டாம் வாய்ப்பாடு ஒப்பிப்பாள். கணவன் ஆபீஸிலிருந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல், வயிற்றில் வாயை வைத்து மேனேஜரைப் பற்றிக் கோள் சொல்வான். மாமியார்தான் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். மருமகள் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, "செல்லம், உங்கம்மாவ இன்னும் ரெண்டு வாய் சாப்பிடச் சொல்லு" என்று வயிறு வழியாகத் தூது விடுவார்.

முதலில் அவளுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. பேச்சுக் குரலுக்குக் குழந்தை உள்ளே புரளும்போது மனசு நிறைந்துபோகும். ஆனால் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் கசிகிறது. வயிற்றுத் தோல் இழுபட்டு அரிக்கிறது. மாடி ஏறினால் மூச்சு முட்டுகிறது. கேட்டால் சொல்லலாம், கேட்கத்தான் ஆளில்லை.

ஒருநாள் கணவனிடம் தானாகவே ஆரம்பித்தாள். "உஷ், குழந்தை பயந்துக்கும்" என்று அவன் வயிற்றைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். யாராவது ஒருத்தர், ஒரே ஒரு வார்த்தை, தன்னிடம் பேசமாட்டார்களா என்று ஏங்கிப்போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடத்தில் இருந்தபோது மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது.

"வாயில என்ன பூட்டா போட்டிருக்கு? நாளைக்குக் குழந்தை பிறந்து உங்க குரலைக் கேட்டு அலறப்போகுது. வந்து ஒரு வார்த்தை பேசுங்க."

நாத்தனாரும் ஒத்து ஊதினாள். கணவன் எழுந்து அப்பாவுக்கு இடம் விட்டான்.

பெரியவர் பேப்பரை மடித்து வைத்தார். மெல்ல வந்து, மருமகளுக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாத்தனார் படமெடுக்கச் செல்போனைத் தூக்கினாள். மருமகளும் வழக்கம்போல் வயிற்றைக் காட்டிச் சாய்ந்து உட்கார்ந்து, வேறெங்கோ பார்த்தாள். இதில் தனக்கு வேலை இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அவர் வயிற்றைப் பார்க்கவில்லை.

"ராத்திரியெல்லாம் எழுந்து நடந்துக்கிட்டே இருக்கியேம்மா, கால் ரொம்பக் குடையுதா?"

பதில் சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.

அத்தனை நாளும் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அன்றைக்குத்தான் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.