மூன்றாவது பெடல்

கைத்தடியின் சத்தம் ஷெட் வாசல்வரை வந்து நின்றது.

அவள் நிமிரவில்லை. பானெட்டுக்குள் குனிந்தபடியே, ஏற்கெனவே இறுக்கிய போல்ட்டை இன்னொரு முறை இறுக்கினாள்.

வந்திருப்பது அவள் கணவர். எஞ்சினை இறக்கிய நாளிலிருந்து அவர் இந்தப் பக்கம் வரவில்லை. அவளோடு பேசவும் இல்லை.

பழைய எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கியதை அன்றைக்கு ஜன்னலில் நின்று பார்த்தார். ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு காபி வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுவார். உப்பு குறைந்தால் தட்டை நகர்த்துவார். அவ்வளவுதான் குடித்தனம்.

கோபம் நியாயமானதுதான்.

இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரை இல்லாத, கரும்பச்சைப் பந்தயக் கார். அவரைவிட வயதில் மூத்தது. வால்பாறையில் ஒரு எஸ்டேட் பங்களாவின் பின்னால் கோழிகள் அடைந்துகொண்டிருந்ததை வாங்கி வந்து, கல்யாணத்துக்கு முன்பே ஓட வைத்தார். மலைப் பந்தயங்களில் ஓட்டியவர் அவர். இடது இருக்கையில் உட்கார்ந்து, அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று கத்தியவள் அவள்.

பக்கவாதம் வந்தது. இடது கையைத் திருப்பிக் கொடுத்தது. இடது காலைக் கொடுக்கவில்லை.

கிளட்ச் மிதிக்கிற கால்.

விற்றுவிடலாம் என்று அவரேதான் சொன்னார். வாங்க ஆளும் வந்தது. அதே பழைய எஞ்சின் இன்னும் இருக்கிறதே என்று வந்தவர் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பழைய கார் சேர்க்கிறவர்களுக்கு அதுதான் எல்லாம். அவர் வந்தவரோடு சிரித்துச் சிரித்துப் பேசினார்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு மனிதர் தன்னையே மூட்டை கட்டி வாசலில் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை அவளுக்குக் கிடையாது. பம்ப்செட் பட்டறை நடத்துகிறவள்.

கேட்டால் விடமாட்டார். அதனால் கேட்கவில்லை.

பின்பக்கம் நொறுங்கிப்போன ஒரு புதுக் காரிலிருந்து எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் சேர்த்தே வாங்கினாள். பட்டறை வெல்டர் நாச்சிமுத்து காரின் தரையை அறுத்து இடம் பண்ணிக்கொடுத்தார். எல்லாம் கைக்குப் பழகிய வேலைதான். கிளட்ச் பெடலைக் கழற்றியபோது மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் ரப்பர் கணவர் பாதத்தின் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

இனிமேல் விற்கவும் முடியாது. எஞ்சின் மாறிய காரை அந்த ஆட்கள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். அவர் ஓட்டினால் உண்டு. ஓட்டாவிட்டால், அவருடைய ஒரே செல்லத்தைக் குதறிப் போட்டவள் என்ற பெயர்தான் மிச்சம்.

கைத்தடி உள்ளே வந்தது. அவள் பானெட்டை மூடினாள்.

பக்கத்தில் நின்ற நாச்சிமுத்து நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பீடி வாங்கப் போகிறவரைப்போல நழுவிவிட்டார்.

கணவர் கதவைத் திறந்து உட்கார்ந்தார். இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தார். கீழே பார்த்தார்.

இரண்டே பெடல்.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாவியைத் திருப்பினார்.

பழைய எஞ்சின் என்றால் ஷெட்டின் தகரமெல்லாம் அதிரும். பக்கத்துத் தோட்டத்து நாய்கள் குரைக்கும்.

ஒரு சின்ன முனகல். அதுவும் அடங்கிவிட்டது.

அவர் முகம் சுருங்கியது. அந்த முகம் அவளுக்குத் தெரியும். பிசியோதெரபி அறையில், எத்தனை முக்கியும் கால் அசையாதபோது வருகிற முகம். இறங்கிவிடுவார் என்றுதான் நினைத்தாள்.

இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் திருப்பினார்.

கர்ர்ரென்று இரும்பு இரும்பைக் கடித்தது.

"ஐயோ, சாவிய விடுங்க! அது அப்பவே ஓடிட்டுத்தானுங்க இருக்குது!" அவள் பதறினாள்.

விட்டார்.

ஸ்டியரிங்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். மெல்லிய அதிர்வு இருந்தது. வலது காலால் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் மிதித்தார். அதிர்வு உடனே ஏறி, உடனே இறங்கியது.

எத்தனை கோப்பை வாங்கிய மனிதர். ஓடுகிற எஞ்சினைக் கிளப்பப் பார்த்திருக்கிறார்.

முதலில் அவர் காது சிவந்தது. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து கிட்டே போனாள்.

சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கார் வாங்க வந்தவரிடம் சிரித்த சிரிப்பு இல்லை இது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் அழுகையும்.

அவர் இடது கையை நீட்டி அந்தப் பக்கக் கதவைத் தள்ளித் திறந்தார்.

அவள் கையெல்லாம் கிரீஸ். துடைக்கக்கூட இல்லை. ஏறிவிட்டாள்.

கியர்க் குச்சியை ஒரே இழுப்பு. நான்கு பழமும் நசுங்கின.

கேட்டில் பிரேக் போட்டார். இடப்பக்கம் போனால் கடைவீதி, அதைத் தாண்டி ஆஸ்பத்திரி. வலப்பக்கம் மலைப்பாதை.

அவர் இந்தப் பக்கமும் பார்க்கவில்லை, அந்தப் பக்கமும் பார்க்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், பார்வை நேரே. பந்தயத்தில் அவள் குரலுக்குக் காத்திருக்கும்போது அப்படித்தான் இருப்பார்.

அவள் பெல்ட்டை இறுக்கினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

கத்தினாள்.

பக்கத்துத் தோட்டத்து நாய்கள் குரைத்தன.