ஹாலம் ஐயரின் மாளிகை

ஐந்தாவது படத்திலும் வீடு இல்லை. சதுரமாக ஒரு பள்ளம், அதில் கலங்கல் தண்ணீர், நடுவே வெறும் புல்.

யேசுரத்தினத்துக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. நாலு மணிக்குள் அட்டைப்படம் வராவிட்டால் சபையின் நூற்றைம்பதாவது ஆண்டு மலர் நாளைக்குக் கிடைக்காது என்று நாகர்கோவில் அச்சகத்திலிருந்து ஜெப்சன் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான்.

மலரை எழுதியவர் யேசுரத்தினம். சபையை நட்ட வெள்ளைக்கார மிஷனரி ஹாலம் ஐயர் இங்கிலாந்தில் பிறந்த மாளிகையை அட்டையில் போடுகிறேன் என்று கமிட்டியில் மார்தட்டியவரும் அவரே. இல்லாவிட்டால், தான் கட்டிக்கொடுத்த வாசல் வளைவின் படத்தோடு பொருளாளர் ராஜையன் காத்திருக்கிறார்.

வருஷா வருஷம் சபை விருந்தான அசனத்தன்று பிரசங்கத்தில் வருவதுதான். அகழி சூழ்ந்த மாளிகையை உதறிவிட்டு வந்து, நம் ஊர் ஓலைக் குடிசையில் காய்ச்சலில் கிடந்து செத்தவர் ஐயர். யேசுரத்தினம் கேட்கும்போதெல்லாம் அழுதிருக்கிறார்.

இங்கிலாந்தில் அந்தப் பக்கம் நர்ஸாக இருக்கிற தம்பி மகள் ஆன்ஸ்லினிடம் ஒரே ஒரு படம் கேட்டது குற்றமா?

“ஏட்டி, ஐயருக்க வீட்டை எடுத்து அனுப்புன்னா தண்ணியையும் புல்லையும் எடுத்து அனுப்புதியே! வீடு எங்கட்டி?” என்று வாட்ஸ்அப்பில் கத்தினார்.

பதிலுக்கு ஆறாவது படம் வந்தது. அகழியோரம் நட்டிருந்த தகவல் பலகை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். மாளிகை இடிந்து ஐந்நூறு வருஷம் ஆகிறதாம்.

ஐயர் பிறந்தே இன்னும் இருநூறு ஆகவில்லை.

அட பாவி மனுஷா! ஒரு ஊரையே நூற்றைம்பது வருஷம் அழவைத்துவிட்டாரே!

அடுத்து ஆன்ஸ்லினின் குரல் வந்தது.

“பெரியப்பா, இங்க உள்ள சர்ச்சுலயும் ஐயருக்கு விழா எடுக்காங்க. திருவிதாங்கூர்ல அகழி வெட்டி அரண்மனை கட்டி இருக்கேன்னு ஐயர் அவருக்க அம்மைக்கு கடிதாசி எழுதியிருக்காராம். அதுக்க போட்டோ ஒண்ணு வேணும்னு கேக்காங்க.”

யேசுரத்தினத்துக்கு வந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சவூதியில், தமாமில் தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்துக் கிடந்த காலத்தில், ஏசி அறை, தனிக் கட்டில் என்று அவரும் அம்மாவுக்கு எழுதியிருக்கிறார். மாசம் தவறாமல்.

ஜெப்சனுக்கு அகழிப் படத்தையே அனுப்பினார். கீழே ‘மாளிகை நின்ற இடம்’ என்று போடச் சொன்னார்.

பிறகு ஆன்ஸ்லினைக் கூப்பிட்டார்.

“அரண்மனை இருந்துதுன்னு சொல்லு மக்கா. மழையில இடிஞ்சு போச்சுன்னு சொல்லு.”