கடைசிப் பக்கத்தைக் காணோம்

எந்தக் கதையானாலும் முடிவை முதலில் படித்துவிடுவது ஆஸ்பத்திரி லைப்ரரியம்மாவின் பழக்கம். அதனால்தான் திருட்டு உடனே தெரிந்தது. ஆபரேஷன் வார்டுக்குப் போய்த் திரும்பிய சூப்பர்ஹீரோ காமிக்ஸ் ஒன்றில்கூடக் கடைசிப் பக்கம் இல்லை. மலை உச்சியிலிருந்து விழுந்த ஹீரோ விழுந்தபடியே கிடந்தான்.

"எந்தப் புண்ணியவானோட வேலை இது?" என்று வார்டு நர்ஸைப் பிடித்தாள்.

நர்ஸ் சிரித்தாள். "பெரிய டாக்டரையே கேளுங்க."

அவரும் மழுப்பவில்லை. "நான்தாம்மா கிழிச்சேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் பயந்து நடுங்கறவங்களுக்குப் புத்தகத்தைக் கொடுப்பேன். கடைசிப் பக்கம் என் பாக்கெட்ல இருக்கும். மறுநாள் மயக்கம் தெளிஞ்சதும் வலிக்குதுன்னு யாரும் சொல்றதில்ல, 'அவன் பிழைச்சானா டாக்டர்?'னுதான் கேக்கறாங்க. அப்பக் கையில கொடுப்பேன்."

"படிச்சப்புறம் திருப்பி வாங்கக்கூடாதா?"

"விட்டாத்தானே! பத்திரமா வீட்டுக்கே கொண்டு போயிடறாங்க."

சொல்லிக்கொண்டே மேஜையில் கிடந்த புதுக் காமிக்ஸை எடுத்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கடைசித் தாளைத் தடவிப் பார்த்துக் கிழித்து, அவளிடம் நீட்டினார்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும்."

"என்கிட்ட எதுக்கு? நாளைக்கு யாருக்கு ஆபரேஷன்?"

"எனக்குத்தான். கண்ணு முழிச்சதும் மறக்காம கொண்டு வந்து கொடுங்கம்மா."

லைப்ரரியம்மா அந்தத் தாளை ஒரு வரிகூடப் பார்க்காமல் நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.